ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாமா? யார் கையில் கட்டினால் பயன்?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் திருப்பூரிலும் ஈரோட்டிலும் செல்போன் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் கைக்கடிகாரங்களால் நிறைந்திருக்கும். எத்தனை அடி நடந்தோம், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்றெல்லாம் சொல்லும் கடிகாரங்கள். விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. வீட்டில் ஒன்று வாங்கலாம் என்று முடிவானால் பெரும்பாலும் அது கல்லூரிக்குப் போகும் பையன் கையில் ஏறிவிடுகிறது. அந்த வீட்டில் அதனால் மிகக் குறைவாகப் பயன் பெறுபவன் அவன்தான் என்பது என் கருத்து. மிக அதிகமாகப் பயன் பெறக்கூடியவர் பெரும்பாலும் அவனுடைய அம்மா. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை. எதையும் வாங்காமல், ஏற்கெனவே இருக்கும் செல்போனிலேயே அடிகளை எண்ணிக்கொள்வது முதல் வழி. 1,500 ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் பெரிய திரை ஸ்மார்ட் வாட்ச் இரண்டாவது. ஏறக்குறைய 2,500 முதல் 4,000 ரூபாய் வரை விற்கும் ஒல்லியான கைப்பட்டை, அதாவது ஃபிட்னஸ் பேண்ட், மூன்றாவது. கார்மின், ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்களின் கடிகாரங்கள் நான்காவது. நல்லதாக வாங்க 15,000 ரூபாயாவது எடுத்துவைக்க வேண்டும். ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு, கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்: அதே பணத்துக்கு மேற்கையில், அதாவது முழங்கைக்கு மேலே, கட்டி அளக்கும் ரத்த அழுத்தக் கருவியையோ, கால் வலிக்காத நடைக் காலணியையோ வாங்குவது.

மணிக்கட்டுக்கு என்ன தெரியும்

கைப்பட்டைக்குள் முடுக்கமானி என்ற சிறு சில்லு இருக்கிறது. மணிக்கட்டு எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு அசைகிறது என்பதை அது இடைவிடாமல் குறித்துக்கொண்டிருக்கும். அந்த அசைவில் நடைக்குரிய தாளம் தென்பட்டால் ஓர் அடி என்று கணக்கில் சேர்க்கும். கால் அசைவதை அது பார்ப்பதே இல்லை. கையை வீசி நடப்பவருக்குக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். கை வேறு வேலையில் இருப்பவருக்கு வராது. கொங்கு நாட்டில் உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கை வேறு வேலையில்தான் இருக்கிறது.

சென்னிமலையில் போர்வை நெய்பவரையும் பவானியில் ஜமக்காளம் நெய்பவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்தில் கை ஒரே தாளத்தில் போய்வருகிறது. கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. மணிக்கட்டுப் பட்டை அந்தக் கையசைவை நடை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. தறியை விட்டு எழுந்திருக்காதவருக்கு மாலையில் ஆயிரக்கணக்கான அடிகள் காட்டலாம். அவருடைய கால் உழைத்த உழைப்போ கணக்கில் வராமலே போய்விடும்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவருக்கு இதற்கு நேர்மாறு. தறிக்கும் தறிக்கும் நடுவே இரண்டு எட்டு, அறுந்த இழையை முடிய ஒரு நிறுத்தம், ஊடை நூல் சுற்றிய தாரை மாற்ற மறுபடி மூன்று எட்டு. பல கருவிகள் சில அடிகள் தொடர்ச்சியாக வந்த பிறகே அதை நடை என்று ஏற்று எண்ணத் தொடங்குகின்றன. ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் கால் கடுத்துப்போனவருக்கு அந்தத் திரை குறைவான எண்ணைக் காட்டும். நூற்பாலையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான்; கை வண்டியில் ஊன்றியிருப்பதால் கால் போவது பட்டைக்குத் தெரியாது. மாடு கறக்கும் கையின் தாளத்தை அது அடியாக எண்ணக்கூடும். பால் கேனை வைத்துக்கொண்டு இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், குலுங்கிக் குலுங்கி மொபெட்டில் போகும்போதும் சில அடிகள் ஏறும். வெயிலில் குத்தவைத்துக் களை எடுத்தவருக்கு அன்றைய கணக்கு மிகச் சிறியதாக இருக்கும்.

இந்தத் தவறுகளுக்கு நடுவிலும் கருவிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஒரே வேலையைத் தினமும் செய்பவருக்குத் தவறும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். எனவே போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதில் பொருள் உண்டு. அண்ணன் எண்ணையும் தங்கை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. அலுவலகத்தில் அடிப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை வராததற்கும் இதுதான் காரணம்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கடைசல் இயந்திரம், டிரில்லிங் இயந்திரம், சுழலும் உருளை, பெல்ட் ஆகியவற்றின் அருகே வேலை செய்பவர் மணிக்கட்டில் எதையும் கட்டக் கூடாது. கோவைப் பட்டறைகளில் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கு என்று மூத்த தொழிலாளிகள் சொல்லிக்கொடுப்பார்கள். ஆரோக்கியத்துக்காக வாங்கிய பட்டை இயந்திரத்தில் சிக்கிக் கையை இழுத்துவிட்டால் எந்த எண்ணும் அதற்கு ஈடாகாது. வேலை நேரத்தில் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

இதயத் துடிப்பை அளக்கும் விதம் வேறு. பட்டையின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்கிறது. மண்வெட்டியை இறுக்கிப் பிடித்து வெட்டும்போதும் கனமான மூட்டையைத் தூக்கும்போதும் தடுமாறும். பட்டை தளர்ந்திருந்தால், மணிக்கட்டு எலும்பின் மேலேயே கிடந்தால், பச்சை குத்திய தோலின் மேல் இருந்தால் இன்னும் தடுமாறும்.

கலோரிக் கணக்கு இவற்றில் எல்லாம் பலவீனமானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. எரித்த கலோரியில் மிகத் துல்லியமான கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை. மிக மோசமானதற்கு 93 சதவீதம். நானூறு கலோரி எரித்தாயிற்று என்று திரை சொன்னதை நம்பி இன்னொரு கரண்டி அரிசியும் பருப்பும் சாதம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நடக்க வைக்கிறதா?

உண்மையான கேள்வி இதுதான். துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், கட்டியவர் கூடுதலாக நடக்கிறாரா?

நடக்கிறார் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பில் மாட்டும் எளிய அடி எண்ணியைப் பற்றிய 26 ஆய்வுகளை 2007இல் சேர்த்துப் பார்த்தபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 2,500 அடி கூடுதலாக நடந்தது தெரிந்தது. நாளுக்கு இத்தனை அடி என்று இலக்கு வைத்துக்கொண்டவர்களிடம்தான் அந்த மாற்றம் வந்தது. 2022இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த பெரிய தொகுப்பாய்வு நவீனக் கருவிகளையும் சேர்த்துப் பார்த்து, நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுவதாகவும் எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைவதாகவும் சொன்னது.

ஒரு கிலோ. எடை குறைக்க மட்டும் வாங்க நினைப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 471 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் ஆலோசனையும் கிடைத்தன. ஒரு பிரிவினருக்கு மட்டும் பிறகு கருவியும் கொடுத்தார்கள். கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தட்டில் விழும் உணவு. மணிக்கட்டால் அதைப் பார்க்க முடியாது.

சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வும் 2016இல்தான் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் கருவி பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் அதை இன்னும் அணிந்திருந்தார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பட்டைகள் நம் ஊர் வீடுகளில் மட்டும் இல்லை.

நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று பத்தாயிரம் அடி அளவி என்ற பெயரில் ஒரு கருவியை விற்றது. அந்த விற்பனைப் பெயர்தான் உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. சராசரி வயது 72 ஆன ஏறக்குறைய 17,000 அமெரிக்கப் பெண்களைப் பற்றிய 2019ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் நன்மை தெரியவில்லை. பத்தாயிரம் எட்டவில்லையே என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலுக்குள்ளேயே சுற்றிவரும் பெரியவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அரை மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் ஒரு சுற்று வந்தால் 150 நிமிடக் கணக்கு முடிந்தது. ஓர் அடியின் சராசரி நீளம் 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3,570 அடி. இந்தக் கணக்குக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்துப் பாதை எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேகம் போதுமா என்று அறியவும் எளிய வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இப்போது ஊர் ஊராக வள்ளி கும்மி பழகுகிறார்களே, அதில் ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். கைதட்டலில் அடிக்கணக்குக் குழம்பும். நெற்றி வியர்வையும் வாங்கும் மூச்சும் குழப்பமில்லாமல் உழைப்பைச் சொல்லிவிடும். நடைபாதை இல்லாத கிராமத்துப் பெண்களுக்குக் கும்மியைவிட நல்ல உடற்பயிற்சியை என்னால் சொல்ல முடியவில்லை.

செல்போனா, பட்டையா

சட்டைப் பையிலோ பேண்ட் பையிலோ செல்போனை நாள் முழுக்க வைத்திருக்கும் ஆணுக்குப் பட்டை வாங்கும் அவசியம் இல்லை. இப்போது வரும் ஸ்மார்ட்போன்கள் எல்லாவற்றிலும் முடுக்கமானி இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2015இல் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். பையில் வைத்த செல்போன்களின் அடிக்கணக்கு உண்மையான எண்ணிலிருந்து ஏழு சதவீதத்துக்குள்தான் விலகியது. அணியும் கருவிகளில் ஒன்று 22 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. இன்றைய பட்டைகள் அப்போதையவற்றைவிட மேம்பட்டவைதான். ஆனாலும் கல்லூரி மாணவனும், டூவீலரில் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியும், அலுவலக ஊழியரும் மூன்றாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிதாக அறிந்துகொள்ள அதிகமாக எதுவும் இல்லை.

பெண்களின் நிலை வேறு. சேலைக்குப் பை கிடையாது. வீட்டில் வேலை செய்யும்போது செல்போன் சமையலறை அலமாரியிலோ டிவிக்குப் பக்கத்திலோ கிடக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து மாட்டுக்குத் தீவனம் வைப்பது, தண்ணீர் தூக்குவது, சமையல், துணி என்று இரவு வரை ஓயாமல் நடந்தவருடைய செல்போன் கணக்கில் ஐந்நூறு அடி இருக்கும். பல பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் எட்டு மணி நேரம் எந்த எண்ணிலும் பதிவாவதில்லை. உண்மையைச் சொல்ல மணிக்கட்டைத் தவிர வேறு இடமில்லாதவர் அவர்தான். இயந்திரத்துக்கு அருகில் நிற்காத வேலை என்றால், நிர்வாகமும் அனுமதித்தால், அவர் கையில் பட்டை இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு நடை?' என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுவது நம் வழக்கம். பட்டை அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அடிகள் நிறைய இருக்கும். நாடித் துடிப்பு நாள் முழுக்கப் பெரிதாக ஏறியிருக்காது. துண்டு துண்டான மெதுவான அடிகள் அவை. உடலைச் சோர்வாக்குகின்றன, இதயத்தைப் பலப்படுத்தும் வேகத்துக்குப் போவது குறைவு. ஓய்வும் இல்லை, பயிற்சியும் இல்லை. அந்த வரைபடத்தைக் காட்டி, மாலையில் அரை மணி நேரம் எனக்கு வேண்டும், அடுப்பை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கலாம். கொடுத்த மூன்றாயிரம் ரூபாய் அந்த அரை மணி நேரத்திலேயே ஈடாகிவிடும்.

ஐம்பது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு தோராயமாக 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் 170. மிதமான நடையில் துடிப்பு 109 முதல் 129 வரை இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பையே குறைத்து வைப்பவை. அவர்கள் தம் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையும் பிரஷரும் தெரியுமா?

'கண்ணு, இதைக் கட்டினால் சர்க்கரை தெரியும் என்கிறார்களே, விரலைக் குத்த வேண்டியதில்லையா?' என்று எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தத் திரை காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரி வேறு வகை. அதன் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது. அதையும் கடிகாரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ரத்த அழுத்தமும் இப்படித்தான். சாம்சங் நிறுவனம் தன் கடிகாரத்தில் இந்த வசதியைக் கொடுத்தபோது, மேற்கைக் கருவியால் அளந்து அதனோடு பொருத்திய பிறகே காட்டும் என்றும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை அப்படிப் பொருத்த வேண்டும் என்றும் வைத்தது. அந்த வேலை எதுவும் இல்லாமல் 1,500 ரூபாய்க் கடிகாரம் 120/80 என்று காட்டினால் அதற்கு மருத்துவ மதிப்பு இல்லை. ரத்த ஆக்சிஜன் எண்ணும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவியே கறுத்த தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிட முடியும் என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது.

ஆகவே சர்க்கரையோ பிரஷரோ உள்ள வீட்டில் முதல் செலவு மேற்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி. சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்தது சர்க்கரை அளக்கும் கருவியும் அதற்கான சோதனைத் தாள்களும். அதுவும் முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அளந்து, மருந்தும் கொடுக்கிறார்கள். இவற்றுக்குப் பிறகு பணம் மிஞ்சினால் கைப்பட்டையைப் பற்றி யோசிக்கலாம்.

1,500 ரூபாய்ப் பெரிய திரைக் கடிகாரத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐந்து வழிகளில் அதுதான் மோசமானது. பட்டையைவிட ஆயிரம் ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு, தன்னால் முடியாதவற்றையெல்லாம் முடியும் என்று பெட்டியில் அச்சிட்டுவைக்கிறது. நேரமும் அழைப்பும் தெரிந்தால் போதும் என்பவர் தாராளமாக வாங்கட்டும். உடம்பைப் பற்றி அது சொல்வதை நம்பாதிருந்தால் சரி.

விலை கூடிய கடிகாரத்துக்கு இதயத்தைப் பொறுத்தவரை ஒரு நியாயம் உண்டு. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக எச்சரிக்கை போனது. மேற்கொண்டு சோதித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்மையிலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு இருந்தது. பக்கவாதத்துக்குக் காரணமாகக்கூடிய கோளாறு அது. குடும்பத்தில் அந்த வரலாறு உள்ள பெரியவருக்கு வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் கடிகாரத்தின் ஈ.சி.ஜி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, ஆப்பிள் நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறும் பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்களைப் பற்றிய செய்தி வருகிறது. கையில் கடிகாரம் இருக்கிறது, துடிப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நெஞ்சு வலியோடு ஒருவர் மேலே ஏறினால் அது பெரிய ஆபத்து. வலி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், உதவிக்கு ஆளை அழைக்க வேண்டும்.

ஓட்டக்காரர்களுக்கு என் பதில் எளிது. கோயம்புத்தூர் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடத் தயாராகிறவருக்கு ஜி.பி.எஸ். கடிகாரம் வேலைக் கருவி. தூரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடுத்த நேரம், முந்தைய நாள் களைப்பு ஆறியதா என்பதற்கு அடையாளமான காலைத் துடிப்பு, இவை அவருக்கு வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது ஓடுகிறவர் என்றால் வாங்கட்டும். அடுத்த ஆண்டு ஓடலாம் என்று நினைப்பவர் முதலில் காலணி வாங்கட்டும்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கும் அப்பாருவுக்காக (தாத்தாவுக்காக) வெளியூரிலிருந்து பிள்ளைகள் கேட்பது வேறு கேள்வி. விழுந்தால் தகவல் வருமா என்பதுதான் அவர்கள் கவலை. ஆப்பிள் 2018இலிருந்தே விழுதலை உணரும் வசதியைக் கொடுக்கிறது. வேறு சில நிறுவனங்களும் தருகின்றன. ஆனால் கடிகாரம் அழைப்பு விடுக்க, அருகில் செல்போன் இருக்க வேண்டும், அல்லது கடிகாரத்துக்கே தனி இணைப்பு வேண்டும். கிணற்றடியில் சிக்னல் வருகிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். சுவரைப் பிடித்து மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அது விழுதல் என்று உணராமலும் போகலாம். தினமும் சார்ஜ் போட அப்பாருவுக்கு நினைவிருக்குமா என்பதும் உண்டு. இத்தனைக்கும் ஆம் என்று பதில் வந்தால் முப்பதாயிரம் செலவழிப்பது தவறில்லை. அப்போதும் காலையும் மாலையும் பேசுவதற்கு அது மாற்றாகாது.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று பிரித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். அதற்குத் தலையில் மின்முனை வைத்து மூளை அலையைப் பதிய வேண்டும். மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இரவில் கழற்றி வைத்துவிடலாம்.

வாங்குவது என்று முடிவானால் சில நடைமுறை விஷயங்கள். தண்ணீரில் புழங்கும் கை என்றால் 5 ஏ.டி.எம். (நீரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று குறித்ததை வாங்குங்கள். பட்டை கறுப்பாக இருக்கட்டும். மஞ்சள் புழங்கும் வீட்டில் வெளிர் நிற சிலிக்கான் பட்டை சீக்கிரமே கறையாகிவிடும். வியர்வையும் சோப்பும் அடியில் தங்கினால் தோல் அரிக்கும், தினமும் கழற்றித் துடைக்க வேண்டும். பட்டையின் பேட்டரியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. இரண்டு மூன்று ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு நூறு ரூபாய் செலவு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். செயலியை நிறுவும்போது தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அது அனுமதி கேட்கும். அடி எண்ணுவதற்கு அவை தேவையில்லை, மறுத்துவிடுங்கள். மாதவிடாய் நாள்களைக் குறித்துவைக்கும் பகுதியையும் வேண்டுமென்றால் மட்டும் திறவுங்கள். அது உங்கள் செல்போனோடு நிற்காமல் நிறுவனத்தின் கணினிக்கும் போகலாம்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள் செய்துவிட வேண்டும். நாடியில் விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். உட்கார்ந்த நிலையில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால் சரியில்லை. அடுத்து, மொபெட்டில் அரை மணி நேரம் போய்வந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். சில பத்து அடிகள் பரவாயில்லை, நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது. மூன்றாவது, முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு: சென்னிமலை முருகன் கோவிலுக்கு 1,320 படிகள். கைப்பிடிக் கம்பியைத் தொடாமல், கையை இயல்பாக வீசி, ஒவ்வொரு படியாக ஏறுங்கள். நடுவே சமதளங்களும் வருவதால் எண் 1,320ஐத் தாண்டித்தான் வர வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்து வந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.